பத்துக் கிலோவுக்குக் கீழே

செம்பனை ஆலையின் தராசு
பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் பார்க்காது.
லாரி ஏறும், எண் எழும்பும்.
குலைகளைக் கொட்டிவிட்டுத் திரும்பும், எண் இறங்கும்.
இடையில் விழுவதுதான் காசு.
பதினோரு வருஷமாய்
அந்தக் கழித்தலைத்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை லாரி ஓய்ந்த நேரம்
பேசின் நிறைய இலையைப் பறித்து
மேடையின் நட்டநடுவே வைத்து
உள்ளே ஓடி வந்து பார்த்தேன்.
சுழியம்.
காவலுக்கு நின்ற பிம் பகதூர்
தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தான்.

தராசு அறைக்குப் பின்னால்
ஆலைச் சாம்பல் கொட்டிய நாலடி நிலம்.
கெமாங்கி முழங்கால் உயரம் நிற்கிறது.
வல்லாரை நட்டதில்லை,
லோங்காங் ஓரமாய் நடந்து அதுவே வந்தது.
முருங்கை யாருடையதும் இல்லை,
அதனால் எல்லாரும் ஒடிப்பார்கள்.

தவமலர் சிங்கப்பூரில் இத்தாலிக் கடை ஒன்றின் பின்கட்டில்
நாளைக்கு ஆறு கிலோ பெஸ்தோ அரைக்கிறாள்.
மாசம் ஒருமுறை
கடைசி பஸ்ஸில் ரெங்கம் வந்து இறங்கும்போது
விரலில் பூண்டு வாடை,
நகத்தடியில் பச்சை.
எவ்வளவு தேய்த்தாலும் போகாதாம்.

இந்தத் தடவை அவளுக்கு முன்னால்
நான் அரைத்து வைக்க வேண்டும் என்று தோன்றியது.
ஏன் என்று கேட்டால் தெரியாது.

போனில், வேறு எதையோ கேட்பதுபோல்
ஒவ்வொன்றாய்க் கேட்டு வைத்திருந்தேன்.
'இலையில ஈரம் இருக்கக்கூடாது.'
என் நல்ல துண்டு போயிற்று.
'நிறுத்தி நிறுத்தி அடிக்கணும், சூடேறினா கறுத்துடும்.'
எங்கள் மிக்சிக்கு அது சொல்லித்தர வேண்டாம்,
தானாகவே நின்று நின்றுதான் ஓடும்.
பைன் கொட்டைக்கு நான் எங்கே போக?
பூவா கெராஸை வாணலியில் போட்டு
உள்வரைக்கும் சிவக்க வறுத்தேன்,
பச்சையாய்த் தின்றால் வயிறு கலக்கும்.
ஆலிவ் எண்ணெய், சின்ன பாட்டில்,
இருபத்தெட்டு வெள்ளி.
ஆ செங் கடைக்காரர் தூசி தட்டித் தந்தார்,
வயிற்று வலிக்கா என்று கேட்டார்.
போன மாசம் அவள் சட்டைக்குள் சுற்றிக் கொண்டுவந்த சீஸ்
சவர்க்காரம் மாதிரி இறுகிக் கிடந்தது.
தேங்காய்த் துருவியில் துருவினேன்.

பாட்டிலில் அடைத்து
மேலே விரல் கனத்துக்கு எண்ணெய் ஊற்றி
குளிர்பெட்டியில் வைத்தபோது
ஒரு முழு லாரியை அனுப்பிவிட்ட மாதிரி இருந்தது.

ராத்திரி பதினொன்றரைக்கு வந்தாள்.
மஞ்சள் மீயை வேகவைத்து
பச்சையைக் கிளறி முன்னால் வைத்தேன்.
பார்த்தாள்.
செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.
'ஐயோ... இன்னிக்குமா?'

அவ்வளவுதான்.
ரசம் இருக்கா என்றாள்.
இருந்தது.
நெத்திலியைப் பொரித்தேன்,
சோற்றைப் பிசைந்து, உறிஞ்சி, விரலை வழித்துச் சாப்பிட்டாள்.
மீயை நான் தின்றேன்.
நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் கசப்பு.
கோபமா என்றாள்,
இல்லை என்றேன்.
இரண்டு பேருக்கும் அதன் எடை தெரியும்.

மூன்று மணிக்கு விழிப்பு வந்தபோது
பக்கத்தில் அவள் இல்லை.
சமையலறையில் விளக்கில்லை,
குளிர்பெட்டியின் கதவு மட்டும் திறந்து
அந்த வெளிச்சத்தில் நிற்கிறாள்,
பாட்டிலுக்குள் ஆள்காட்டி விரல்.

'வல்லாரை போட்டீங்களா?'
'ம்.'
'கடையில போட்டா கையை வெட்டுவான்.'
இன்னொரு விரல்.
'உப்பு கம்மி.'
இன்னொன்று.
மூடியைத் தேடித் திருகினாள்,
ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இன்னொரு பை போட்டு
இறுக்கி முடிந்தாள்.
திங்கட்கிழமை எடுத்துக்கொண்டு போகிறாளாம்.
ஆறு கிலோ இருக்கும் இடத்துக்கு
இந்தக் கால் கிலோ.

அதற்குள் குளிர்பெட்டி
கதவை மூடச் சொல்லிக் கத்த ஆரம்பித்தது.